சும்மா வந்தவள்

மட்டக்களப்புப் பக்கம் போக வேண்டும் என்று லீவு கேட்டபோது, எங்கள் காப்புறுதி அலுவலக மேலாளர் தலையை நிமிர்த்தாமலே, "யார் செத்தது?" என்று கேட்டார். யாரும் சாகவில்லை, சிநேகிதி ஒருத்தியைப் பார்க்கப் போகிறேன், கொஞ்சம் கடலில் குளித்துவிட்டு வரலாம் என்று நினைக்கிறேன் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பேச்சுவார்த்தை என்று சொல்லிச் சண்டை ஓய்ந்திருந்த சில மாதங்கள். கொழும்பில் எங்களுக்கு யுத்தமே முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது. பஸ் ஓடுகிறது, பாதை திறந்திருக்கிறது, பாசிக்குடாவில்கூட யாரோ போய்க் குளித்துவிட்டு வந்தார்களாம் என்று பேசிக்கொண்டோம். என் சிநேகிதி பல்கலைக்கழக விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். படிப்பு முடிந்ததும் பெரியகல்லாற்றுக்கே திரும்பிப் போய் அங்கே ஆசிரியையாக இருந்தாள். விடுதியில் இருந்த காலத்தில், "எங்கட வீட்டால இஞ்சால நடந்தாக் கடல், அங்கால நடந்தா ஆறு. ஒருக்கா வந்து பாரு, போக மனசு வராது" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். வாவியை அங்கே எல்லோரும் ஆறு என்றுதான் சொல்வார்கள். அந்தப் பழைய அழைப்பை நம்பி, வருகிற நாளை மட்டும் ஒரு தந்தியில் சொல்லிவிட்டு நான் புறப்பட்டேன். ஒரு வைக்கோல் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, நீச்சலுடை, அண்ணனிடம் கெஞ்சி வாங்கிய கமெரா எல்லாம் பையில் இருந்தன.

மாரி மழை முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய நாட்கள். கடலுக்குப் போகிற காலம் இன்னும் வரவில்லை, அது சித்திரைக்குப் பிறகுதான் என்பதுகூட எனக்குத் தெரியாது. சோதனைச் சாவடிகளில் ஏறி இறங்கி, பகல் பதினொரு மணிபோல அவளுடைய ஊர்ச் சந்தியில் இறங்கினேன். குடையோடு நின்றிருந்தவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு என் தலையைப் பார்த்தாள்.

"இந்தத் தொப்பியயும் போட்டுக்கிட்டா பஸ்ஸில வந்த நீ?"

"வெயில்தானே."

"கழட்டுகா. சனம் பாக்குது."

அந்தப் பக்கத்துப் பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் அந்தக் 'கா'வோடு, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டு கழற்றினேன்.

வீட்டில் அவளும் அவளுடைய அம்மாவும் மட்டும்தான். சிநேகிதியின் கணவன் கட்டாரில் வேலை செய்தார். அம்மா என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்து, தேத்தண்ணி தருவதற்கு முன்னமே கேட்டார்.

"ஆரத் தேடி வந்திரிக்காய் மகள்?"

எனக்கு விளங்கவில்லை. "உங்கட மகளைத்தான் அம்மா."

"அது சரி. வேற ஆரையும் தேடல்லயா?"

"இல்லை அம்மா. சும்மா வந்தனான்."

"சும்மாவா?" அம்மா மகளைப் பார்த்தார். மகள் அடுப்பங்கரைப் பக்கம் போய்விட்டாள்.

அன்று மத்தியானம் இறால் குழம்பும் கீரையும் எருமைத் தயிரும் வைத்துச் சோறு தந்தார்கள். அவர்கள் இரண்டு பேரும் நான் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் சாப்பிட உட்காரவில்லை. பின்னேரம் கடலுக்குப் போவோம் என்று நான் சொன்னதும், பின்னேரத்தில் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை, வேண்டுமென்றால் இப்போதே போய்விட்டு வந்துவிடுவோம் என்றாள் சிநேகிதி. உச்சி வெயிலில் போனோம். மணல் சுட்டது. ஆள் நடமாட்டமே இல்லை. கவிழ்த்துப் போட்ட இரண்டு தோணிகள் கிடந்தன. அலை பெரிதாக எழுந்து விழுந்து கரையை அறுத்துக்கொண்டிருந்தது. குளிப்பதென்ன, கால் நனைக்கவே பயமாக இருந்தது. கமெராவை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள்.

"வேணாங்கா. எங்கிருந்து பாக்கிறானுகள் எண்டு தெரியா."

"நீ கடைசியா எப்ப இதுல குளிச்சாய்?"

யோசித்தாள். "கலியாணத்துக்கு முந்தி," என்றாள். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடல்.

அந்த நேரத்திலாவது நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். இங்கே அலை அடிக்கிறது, பாசிக்குடாவில் குளம் போல இருக்குமாமே, ஒருநாள் அங்கே போய்விட்டு வருவோமா என்று கேட்டேன். களுவாஞ்சிக்குடி, காத்தான்குடி, பாலம், டவுண், ஏறாவூர், வாழைச்சேனை என்று வழியிலுள்ள இடங்கள் அவள் முகத்தில் ஒவ்வொன்றாக ஓடுவதைப் பார்த்தேன். ஒவ்வொரு இடத்திலும் இறங்கி நடந்து, அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, அந்தப் பக்கம் போய் ஏற வேண்டும். "போகலாம்," என்றாள். "நீ ஆசைப்பட்டா ஒரு நாளைக்கு லீவு போட்டுப் போகலாம்." அவள் குரலில் இருந்த மரியாதை என்னைச் சுட்டது. வேண்டாம், சும்மா கேட்டேன் என்று பேச்சை மாற்றினேன்.

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போன பிறகுதான் அந்தப் பெண் வந்தாள்.

என் வயதுதான் இருக்கும். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். கணுக்காலில் சேறு காய்ந்திருந்தது. தேக்கிலையில் இறால் பொதிந்து கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, முற்றத்து முருங்கை மரத்தடியில் உட்கார்ந்தாள். ஆற்றங்கரையில் குடியிருக்கிறவள், புருசனில்லாமல் தானே கைவலை போட்டு இறால் பிடித்து விற்கிறவள் என்று அம்மா சொன்னார். இறால் எனக்காம்.

நான் வெளியே வந்ததும் எழுந்து நின்றாள்.

"மிஸ், இரிக்கட்டும், சாப்பிட்டுப்போட்டு வாங்க. நான் இரிக்கன்."

"என்ன விசயம்?"

அவள் என்னிடம் சொன்னதைத் திரும்பச் சொல்ல அதிக நேரம் எடுக்காது. ஐந்து வருடத்துக்கு முன்னர் அவளுடைய கணவன் விடியப்புறம் ஆற்றில் வலை எடுக்கப் போனான். அவனைக் கரையில் மறித்துக் கூட்டிப் போனதைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் இருந்தார்கள். தோணி அங்கேயே கிடந்தது. வலையில் மீன் இருந்தது. முகாமில் கேட்டபோது அப்படி யாரையும் பிடிக்கவில்லை என்றார்கள். அவள் சொல்லச் சொல்ல என்னிடம் எதையோ எதிர்பார்த்து என் கைகளைப் பார்த்தாள். நான் எழுதிக்கொள்ளவில்லையே என்று பார்க்கிறாள் என்பது பிறகுதான் புரிந்தது.

"நான் அப்படியான ஆள் இல்லை," என்றேன். "எந்த அமைப்பிலயும் இல்லை. நான் லீவுக்கு வந்தனான். என்ர சிநேகிதியைப் பார்க்க."

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஓம் மிஸ். வெளிய சொல்லக்கூடாதுதான். எனக்கு விளங்குது."

மத்தியானம் சிநேகிதி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். பையை வைத்துவிட்டு அவள் கதிரையில் உட்கார்ந்தாள். முகம் சிவந்து போயிற்று.

"அது என்ர பிழைகா," என்றாள். "பள்ளிக்கூடத்தில கேட்டாங்க, வீட்ட வந்திரிக்கிறது ஆரு எண்டு. லீவுக்கு வந்தவ, கடல் பாக்க வந்தவ எண்டு சொல்ல எனக்கு வாய் வரல்ல. எங்கட டீச்சர்மார்ல ரெண்டு பேர்ட தம்பிமாரப் புடிச்சுக்கிட்டுப் போன, இன்னும் இல்ல. நான் அவங்கட மூஞ்சயப் பாத்துக்கிட்டு எப்பிடிச் சொல்ற? கொழும்பில இருந்து விசயம் விசாரிக்க வந்தவ எண்டு சொல்லிப்போட்டன்."

என்னை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. பல்கலைக்கழகத்தில் என் ஓட்டைச் சிங்களத்தையும் என் குறட்டையையும் எல்லோருக்கும் பெருமையாகச் சொல்லித் திரிந்தவள், இப்போது நான் எதற்காக வந்தேன் என்பதை வெளியே சொல்ல முடியாமல் பொய் சொல்லியிருக்கிறாள். கோபப்படலாமா என்று பார்த்தேன். வரவில்லை.

அந்தப் பெண் அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். ஒவ்வொரு முறையும் இறால். காசு கொடுத்தால் வாங்கமாட்டாள். மூன்றாம் முறை ஒரு விசயம்தான் கேட்டாள். முகாமில் இப்போது புது அதிகாரி வந்திருக்கிறாராம், நல்லவராம், ஆனால் அவளுக்குச் சிங்களம் தெரியாது, நான் வந்து ஒருமுறை கேட்டுத் தர முடியுமா?

சிநேகிதி வேண்டாம் என்றாள். "நீ கேட்டுப்போட்டுப் போயிருவாய். நாங்க இஞ்சதான் இரிக்கணும்." அவள் சொன்னதில் பிழையே இல்லை. ஆனால் தொப்பியும் நீச்சலுடையும் கட்டிலுக்கடியில் பையில் கிடந்தன, அந்த இறாலை நான் தினமும் தின்றுகொண்டிருந்தேன். எதையாவது செய்தாலன்றி அந்த வீட்டில் இன்னொரு நாள் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றிவிட்டது. அவளுக்காகப் போனேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. கடைசியில் அம்மாதான், "போய்க் கேக்கட்டும். கேக்கிறதில என்ன?" என்றார்.

முகாம் பிரதான வீதியில் இருந்தது. முள்ளுக்கம்பி, மணல்மூட்டை, தார் பீப்பாய். அந்தப் பெண் எதிர்ப்பக்கம் ஒரு பூவரச மரத்தின் கீழ் நின்றுகொண்டாள். கிட்ட வரவேண்டாம் என்று நான்தான் சொன்னேன். காவலில் நின்றவனிடம் சிங்களத்தில் பேசியதும் அவன் உடனே உள்ளே போய்ச் சொன்னான். அதிகாரி தானே வாசலுக்கு வந்தார். என்னை விட ஓரிரண்டு வயது கூடியவராக இருப்பார். அங்கேயே கதிரை போடச் சொன்னார். கொழும்பில் எங்கே என்று கேட்டார். வெள்ளவத்தை என்றதும் அங்கே தன் அக்கா இருக்கிறாள் என்றார். எதற்காக இந்தப் பக்கம் என்றார்.

லீவுக்கு வந்தேன் என்றேன். அவரிடம் அதைச் சொல்வது எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது! அந்த ஊரில் அதை ஒரே தரத்தில் நம்பிய முதல் ஆள் அவர்தான். சந்தோஷப்பட்டார். தன் வீடும் கடற்கரையில்தான், தெற்கே, இப்போது அங்கே கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், நீங்கள் தவறான கரைக்குத் தவறான மாதத்தில் வந்துவிட்டீர்கள் என்றார். குளிக்க இறங்கிவிடாதீர்கள் என்று எச்சரித்தார். பிறகு, "இந்தக் கடலில் உயிர்காப்பாளர்கள் கிடையாது மிஸ், நாங்கள்தான் இருக்கிறோம்" என்றார்.

நான் சிரித்தேன்.

சிரிக்க வேண்டுமென்று சிரித்ததல்ல. ஒரு மரியாதையான ஆள் பகிடி விட்டால் கொழும்பில் வளர்ந்த பெண்ணுக்குத் தானாக வருகிற சிரிப்பு. பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண்ணின் கணவனைப் பற்றிக் கேட்டேன். பெயரையும் காலத்தையும் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. தான் வந்து கொஞ்ச நாள்தான், முன்னர் இருந்தவர்கள் காலத்து விசயம் எதுவும் இங்கே இல்லை, இருந்தால் சொல்லியிருப்பேன் என்று அதே மரியாதையோடு சொன்னார். வெயிலில் நிற்காதீர்கள் என்று வீதி ஓரம் வரைக்கும் வந்து அனுப்பினார்.

நான் வீதியைக் கடக்கும்போதே அவள் பாதி வழி வந்துவிட்டாள்.

"சிரிச்ச நீங்களே மிஸ்! இரிக்காராமா?"

"இல்லை. அவருக்கு ஒண்டும் தெரியாதாம்."

"நான் கண்டன் மிஸ். அவனும் சிரிச்ச. நீங்களும் சிரிச்ச."

"அது வேற கதை. உங்கட அவரைப் பற்றி அவருக்கு ஒண்டுமே தெரியாதாம். உண்மையாத்தான் சொல்றன்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "சரி மிஸ், சரி. வெளிய சொல்லக்கூடாது. நான் ஒருத்தருக்கிட்டயும் சொல்ல மாட்டன்." என்னை வீட்டு வாசலில் விட்டுவிட்டு, ஆற்றுப் பக்கம் கிட்டத்தட்ட ஓடினாள்.

ஒருவரிடமும் சொல்லமாட்டேன் என்றவள் அன்று பின்னேரத்துக்குள் அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். அடுத்த நாள் காலை கடைக்குப் போன அம்மா கேள்விப்பட்டு வந்தார். அவளுடைய புருசன் எங்கேயோ உயிரோடு இருக்கிறானாம், கொழும்பு மிஸ் கேட்டு அறிந்துவிட்டாளாம். அம்மா அதை என்னிடம் சொல்லவில்லை. மகளைப் பார்த்து, "போய்ச் சொல்லிப்போட்டு வாங்க ரெண்டு பேரும்," என்றார். அவ்வளவுதான்.

அவள் வீடு ஓலைவேலி போட்ட சின்ன வளவு. பின்பக்கம் ஆற்றுத் தண்ணீர் தெரிந்தது. நாங்கள் உள்ளே போனபோது துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கொடியில் ஆண்களுடைய சாரன் இரண்டு, சட்டைகள், ஒரு பெனியன். பெட்டியில் நெடுங்காலம் மடித்து வைத்திருந்த மடிப்பு, தோய்த்த பிறகும் கோடு கோடாகத் தெரிந்தது. எங்களைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு பாய் எடுக்கப் போனாள்.

"பாய் வேணாம்," என்றாள் சிநேகிதி. "நான் ஒண்டு சொல்லணும். இவ விசாரிக்க வந்தவ இல்ல. அது நான் சொன்ன பொய். இவ என்னைப் பாக்க வந்தவ. கடலில குளிக்க வந்தவ."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "கடலில குளிக்கவா?"

"ஓம்," என்றேன்.

"இந்தக் காலத்திலயா?"

எந்தக் காலத்தைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. ஓம் என்று மறுபடி தலையாட்டினேன். என் காதெல்லாம் எரிந்தது. நிலத்தைத் தவிர வேறு எங்கேயும் பார்க்க முடியவில்லை.

"அப்ப அவன் என்ன சொல்லிச் சிரிச்ச?"

சிநேகிதி என் கையைத் தொட்டாள், சொல்லாதே என்பது போல. ஆனால் அந்தப் பெண் காத்துக்கொண்டு நின்றாள். இவ்வளவுக்கும் பிறகு அவளிடம் மறைக்க எனக்கு என்ன உரிமை இருந்தது? அந்தப் பகிடியைச் சிங்களத்திலிருந்து தமிழுக்கு மாற்றி, ஒவ்வொரு சொல்லாக, அவளுடைய முற்றத்தில் நின்று சொன்னேன். இந்தக் கடலில் உயிரைக் காப்பாற்ற ஆள் இல்லை, நாங்கள்தான் இருக்கிறோம் என்றார். அதற்குத்தான் நான் சிரித்தேன். சொல்லி முடிக்கும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுதிருந்தாலும் என்னவோ செய்திருப்பேன். வாளியில் மிச்சமிருந்த சட்டையை எடுத்துப் பிழிந்தாள். சிநேகிதி அதை வாங்கப் போனபோது, "இரிக்கட்டும் டீச்சர். தோய்ச்சாச்சு. காயட்டும்," என்று தானே கொடியில் போட்டாள். பிறகு எங்களைப் பார்க்காமல், "நீங்க போங்க," என்றாள்.

மிச்ச நாட்கள் எப்படியோ போயின. சிநேகிதி பள்ளிக்கூடம் போய் வந்தாள். நான் அம்மாவுக்கு உதவுகிறேன் என்று அடுப்பங்கரையில் இடைஞ்சலாக இருந்தேன். ஒரு பின்னேரம் சிநேகிதி, "நீ வந்தது எனக்குச் சந்தோசம்தான்கா," என்றாள். "ஆனா மறுகா வரக்குள்ள கொஞ்சம் முந்தியே சொல்லிப்போட்டு வா. நான் சொல்றதுக்கு ஒரு காரணம் யோசிச்சு வைக்கணும்." சிரிக்கத்தான் சொன்னாள். எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. அவள் என் தலைமயிரைக் கோதிக்கொண்டு கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்தாள்.

திரும்பிப் போகிற நாள் மட்டக்களப்பு டவுணுக்குப் போய் அங்கிருந்து கொழும்பு பஸ் எடுப்பதாக ஏற்பாடு. சந்தியில் ஏறிய பிறகுதான் கண்டேன், முன் ஆசனத்தில் அந்தப் பெண் இருந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. களுதாவளைப் பிள்ளையார் கோயிலைத் தாண்டும்போது மட்டும் எல்லோரையும் போல நெற்றியைத் தொட்டுக்கொண்டாள்.

பாலத்துக்கு முன்னால் எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் அவள் எனக்கு நாலைந்து பேருக்கு முன்னால் நின்றாள். அவளுடைய முறை வந்தபோது சிப்பாய் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஓரம் தண்ணீர் பட்டு ஊறி, படம் மங்கிப் போயிருந்தது. அவன் கேட்டது அவளுக்கு விளங்கவில்லை. அவள் பின்னால் திரும்பி, வரிசையில் என்னைத் தேடிக் கண்டு, கையால் கூப்பிட்டாள்.

"மிஸ், ஆத்துத் தண்ணி பட்டது எண்டு சொல்லுங்க. புதுசுக்கு எழுதிப் போட்டிரிக்கி எண்டு சொல்லுங்க."

சொன்னேன். சிப்பாய் என் சிங்களத்தைக் கேட்டுப் புன்னகைத்தான். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். அட்டையைக் கொடுத்து அவளைப் போகவிட்டான்.

டவுணில் இறங்கியதும் அவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். பஸ் நிலையத்தில் கொஞ்சம் தள்ளி நின்றாள். பிறகு வந்தாள்.

"உங்கட பஸ் எப்ப?"

"இன்னும் நேரம் இருக்கு."

"காணாமப் போன ஆக்களப் பத்தி இஞ்ச ஒரு கந்தோரில கேக்கலாமாம். ஆனா அங்கயும் சிங்களமாம்." அவள் குரலில் கெஞ்சல் இல்லை, மன்னிப்பும் இல்லை. நான் சிங்களம் தெரிந்த ஆள், அன்றைக்கு அங்கே நின்றேன், அவ்வளவுதான். "வர ஏலுமா?"

பையைத் தூக்கிக்கொண்டு அவளோடு அந்த அலுவலகத்துக்குப் போனேன். வெயிலில் நீள வரிசை. எல்லாம் பெண்கள். எங்கள் முறை வந்தபோது கொழும்பு பஸ் போயிருக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் வயதானவர், நல்ல மாதிரித்தான் பேசினார். நான் கேட்டேன், அவர் சொன்னார், மறுபடி கேட்டேன். இந்த முறை அவளைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. அவள் என் தோளோடு தோளாக நின்று, அவரை ஒருதரமும் பார்க்காமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றுமில்லை என்ற பதிலுக்கு என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நான் அவளுக்கு முன்னால் நின்றேன்.